போத்தனூர் அன்னையின் மைந்தர்

கேரளத்திற்கு இரயிலில் சென்று வந்த நம் மாணவ நண்பர்கள் கோவையை அடுத்த போத்தனூர் நிலையத்தைக் கண்டிருப்பார்கள். வண்டி சிறிது நேரம் நிற்கும், தேநீர் விற்பவரின் குரல் கேட்கும், மீண்டும் புறப்பட்டுவிடும். அந்தப் போத்தனூரில் 1881-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் ஐரிஷ் வழிவந்த குடும்பமொன்றில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எத்தல் சாரா ஸ்டோனி என்று அதற்குப் பெயரிட்டனர். தந்தையார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயில் பொறியாளராய் இருந்து தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர். துங்கபத்திரைப் பாலப் பணியால் பெயர் பெற்றவர். பங்கா இழுக்கும்போது எழும் கிரீச்சென்ற ஓசையைப் போக்க ஒரு சக்கரம் கண்டுபிடித்தவரும் அவரே. நம் ரேணிகுண்டா வழியாக இராய்ச்சூர் நோக்கிச் செல்லும் பாதை அந்தச் சென்னை இரயில்வேயின் பாதைதான். ஆகவே, நாம் எழுதப் புகும் வரலாறு நமக்கு அவ்வளவு தொலைவில் உள்ளதன்று.

அந்தப் பெண்மணியை மணந்தவர் ஜூலியஸ் மாதிசன் டூரிங் என்பவர். இந்தியன் சிவில் சர்வீஸில் சேர்ந்து சென்னை மாகாணத்தின் மாவட்டங்களில் பணியாற்றியவர். அக்காலத்துச் சென்னை மாகாணம் எவ்வளவு பெரிது! இன்று ஒடிசாவில் இருக்கும் சத்திரபூரும் அதில் அடக்கம். 1911-இல் தனி மாவட்டமாக அமைந்த நம் சித்தூரும் அதில் அடக்கம். மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தான். இளையவன் பிறக்கும் காலத்தில் பெற்றோர் விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தனர். எனவே 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தான் ஆலன். இல்லையேல், கணிப்பொறி இயலின் தந்தை என்று உலகம் போற்றும் ஆலன் மாதிசன் டூரிங்கை நம் மண்ணில் பிறந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் பேறு நமக்கு வாய்த்திருக்கும்!

இந்தியாவின் வெப்பமும் நோயும் குழந்தைகளுக்கு ஆகா என்பது அந்நாளைய வெள்ளையர் எண்ணம். பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தின் தென்கரையில் ஓர் ஓய்வுபெற்ற படைத்தலைவரின் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பலேறினர். தாயும் தந்தையும் சென்னை மாகாணத்தில். பிள்ளைகள் ஆறாயிரம் கல்லுக்கு அப்பால். ஆண்டுக்கணக்கில் கடிதமே உறவு. விடுதியில் தங்கிப் படிக்கும் நமக்கு அந்தத் தனிமை ஓரளவு விளங்கும். ஆனால் நாம் பதினேழு வயதில் வந்தோம், அவன் ஒன்றரை வயது நிரம்புமுன்னரே விடப்பட்டான்.

பள்ளியில் ஆலன் ஆசிரியர்களுக்குப் பெரிய தலைவலி. கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். விடை சரியாக இருக்கும், வழி எழுதியிராது. 1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடெங்கும் வேலைநிறுத்தம், இரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ அறுபது கல் தொலைவை மிதிவண்டியில் கடந்து பள்ளி போய்ச் சேர்ந்தான். 1930-இல் அவனுடைய உயிர் நண்பன் கிறிஸ்டபர் மார்க்கம் காசநோயால் இறந்தான். அந்த இழப்பு அவனை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. மனித மனம் என்பது உடலோடு அழிந்துபோகும் பொறிதானா, அதற்கு அப்பால் ஏதேனும் உண்டா என்ற கேள்வி அவன் உள்ளத்தில் வேரூன்றியது.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 1935-இல், இருபத்திரண்டு வயதில், அதே கல்லூரியின் ஆய்வாளர். 1936-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையே இன்றைய கணிப்பொறிகளுக்கெல்லாம் மூலம். முடிவில்லாத ஒரு காகித நாடா, அதன் கட்டங்களைப் படித்து, எழுதி, அழித்து, முன்னும் பின்னும் நகரும் ஒரு பொறி. இவ்வளவுதான் அவர் கற்பனை. எந்தப் பொறியின் வேலையையும் செய்யவல்ல ஒரே பொதுப் பொறியை இவ்வாறு அமைக்க முடியும் என்றும், எந்தப் பொறியாலும் விடைகாண முடியாத கேள்விகள் உண்டு என்றும் ஒரே கட்டுரையில் நிறுவினார். நம் துறை மாணவர்கள் இதைத் தேர்வுக்காகப் படித்திருப்பதால் இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

நாம் இக்கட்டுரையில் காண விரும்புவது வேறு. இன்று நம் பணம், மருத்துவக் குறிப்பு, தேர்வு மதிப்பெண், திருமலைத் தரிசனச் சீட்டு எல்லாம் யாரோ எழுதிய நிரல்களின் காவலில் இருக்கின்றன. அந்தக் காவல் உறுதியாய் இருப்பதும் ஓட்டையாய் இருப்பதும் கணக்கின் திறமையால் மட்டும் அமைவதில்லை. எழுதியவர் எதைப் பெரிதென மதித்தார், எதைச் சிறிதெனத் தள்ளினார் என்பதே பல இடங்களில் முடிவு செய்கிறது. பிறர் கட்டிய பூட்டைத் திறந்து, தாமும் ஒரு பூட்டுக் கட்டி, நிரல் எழுதுவோரின் மனப்பான்மையைப் பற்றியும் முதன்முதலில் எண்ணிப் பார்த்தவர் டூரிங். அந்த வகையில் அவர் வாழ்க்கை ஒரு பாடநூல்.

1939 செப்டம்பர் 4-ஆம் நாள், பிரிட்டன் போர் தொடுத்த மறுநாள், இலண்டனுக்கு வடமேற்கே பிளெட்சிலி பார்க் என்ற மாளிகையில் டூரிங் பணிக்குச் சென்றார். செருமானியரின் மறைமொழிப் பொறியாகிய எனிக்மாவை வெல்வதே அங்குப் பணி. எனிக்மா, தட்டச்சுப் பொறி போன்ற ஒரு பெட்டி. ஓர் எழுத்தை அழுத்தினால் வேறோர் எழுத்தின் விளக்கு எரியும். உள்ளே சுழலும் சக்கரங்கள் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் நகர்வதால், அதே எழுத்தை மீண்டும் அழுத்தினால் வேறு எழுத்து வரும். முன்புறத்தில் கம்பிகளை மாற்றிச் செருகும் பலகை வேறு. ஐந்து சக்கரங்களில் மூன்றைத் தேர்ந்து, பத்துக் கம்பிகளைச் செருகினால் அமையக்கூடிய வகைகள் 159 என்று எழுதிப் பின்னால் 18 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணளவு. இந்த எண்ணைக் கண்டே செருமானியர் மயங்கினர். இத்தனை கோடி வழிகளில் எவன் சரியான வழியைக் கண்டுபிடிப்பான் என்று நிம்மதியாக உறங்கினர்.

ஆனால் பூட்டைச் செய்தவர்கள் ஒரு வசதியை விரும்பினார்கள். மறைப்பதற்கும் மறைத்ததைத் திறப்பதற்கும் ஒரே பொறி, ஒரே அமைப்பு போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. போர்க்களத்தில் சேறும் குளிருமான குழிக்குள் அமர்ந்திருக்கும் வீரனுக்கு அது எளிது அன்றோ? அதற்காக மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சக்கரத்தைக் கடைசியில் வைத்தார்கள். வசதி கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, எந்த எழுத்தும் தானாகவே வர முடியாது என்ற நிலை. 'அ'வை அழுத்தினால் 'அ' ஒருபோதும் எரியாது. இது சிறு குறை போல் தோன்றும். வானிலை அறிக்கை ஒன்றில் இன்ன சொல் வந்திருக்கும் என்று ஊகித்து, அச்சொல்லை மறைமொழியின் கீழே வைத்து நகர்த்திப் பாருங்கள். எங்கேனும் மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்ந்தால் அந்த இடம் தவறு. மிஞ்சுவன சில இடங்களே. வசதிக்கு இடங்கொடுத்த இந்த ஒரு விருப்பமே கோடி கோடி வகைகளாகிய கோட்டைச் சுவரில் திட்டிவாசல் ஆயிற்று.

இன்னொரு குறை, அக்கறையால் விளைந்தது. செய்தியின் திறவுகோலாகிய மூன்று எழுத்துகளை இருமுறை அடித்து அனுப்ப வேண்டும் என்பது விதி. வானொலியில் ஓர் எழுத்துச் சிதைந்தாலும் மற்றொன்றால் அறியலாம் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். அந்த இரட்டிப்பைப் பிடித்துக்கொண்டே போலந்து நாட்டுக் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி 1932-இலேயே எனிக்மாவின் உள்ளமைப்பைக் கண்டறிந்தார். அவரும் ருசிட்ஸ்கி, சிகால்ஸ்கி என்ற தோழர்களும் செய்த வேலையை 1939 ஜூலையில் போலந்தினர் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வழங்காதிருந்தால் பிளெட்சிலி பார்க்கின் புகழில் பாதி இராது. திரைப்படங்களில் டூரிங் ஒருவரே தனித்து நின்று எல்லாவற்றையும் சாதித்தது போல் காட்டுகிறார்கள். அது போலந்தினர்க்கு இழைக்கும் அநீதி.

டூரிங்கின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. இரட்டிப்பு விதியைச் செருமானியர் என்றேனும் ஒருநாள் கைவிடுவர் என்று அவர் முன்னரே எண்ணினார். பகைவன் திருந்திய பின்னும் நிலைக்கும் முறை வேண்டும் என்று தேடினார். ஊகித்த சொல்லிலிருந்து பிறக்கும் முரண்பாடுகளைக் கொண்டு, தவறான அமைப்புகளை விரைவாகத் தள்ளும் பொறி ஒன்றை வரைந்தார். 'பாம்' என்று அதற்குப் பெயர். முதற்பொறி 1940 மார்ச்சில் வந்து சேர்ந்தது. கார்டன் வெல்ச்மன் என்ற தோழர் சேர்த்த ஒரு பலகையால் அதன் வேகம் பன்மடங்கு பெருகியது. அவ்வாண்டு மே முதல் நாள் செருமானியத் தரைப்படையும் வான்படையும் இரட்டிப்பை நிறுத்தின. பழைய முறைகள் வீழ்ந்தன. டூரிங்கின் வழி நின்றது.

பொறி நல்லதானாலும் அதைக் கையாளும் ஆளும் உண்டே! எழுத்துகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய செருமானியப் பணியாளர் சிலர், விசைப்பலகையில் பக்கத்திலிருந்த எழுத்துகளையும் காதலியின் பெயர் எழுத்துகளையும் நாள்தோறும் வைத்தார்கள். பிளெட்சிலிப் பெண்களும் ஆண்களும் அந்தக் காதலியின் பெயரை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். இதைப் படித்துச் சிரிக்கும் நண்பர்கள், தம் கைப்பேசியின் கடவுச்சொல்லில் யாருடைய பிறந்த நாள் இருக்கிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக! எங்கள் விடுதியில் ஓர் அறையின் எண்பூட்டு நான்கு சுழியங்களில் திறந்தது. உரியவரைக் கேட்டால், யாரும் இதை முயலமாட்டார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். எனிக்மாப் பணியாளரும் அதைத்தான் நினைத்தார்கள்.

கடற்படையின் எனிக்மாவே மிகக் கடினமானது. பிறர் கைவிட்ட அதை டூரிங் மேற்கொண்டார். யாரும் அதைத் தொடாததால் தனக்கே தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கூறிய காரணம்! எட்டாம் எண் குடிலின் தலைவராக இருந்து, நிகழ்தகவுக் கணிதத்தை மறைமொழிக்குப் பொருத்தி, அட்லாண்டிக் கடலில் உணவும் எண்ணெயும் கொண்டுவரும் கப்பல்களைக் காக்க வழிசெய்தார். 1942 பிப்ரவரியில் செருமானிய நீர்மூழ்கிகள் நான்காவது சக்கரம் ஒன்றைச் சேர்த்தபோது ஏறத்தாழப் பத்துத் திங்கள் இருள் சூழ்ந்தது. கப்பல்கள் மூழ்கின. மறைமொழியை வெல்வது புத்தி விளையாட்டன்று, உயிர்க் கணக்கு என்பதை அக்குடிலில் இருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

1941 அக்டோபர் 21-ஆம் நாள் நடந்தது குறிப்பிடத்தக்கது. பொறிகள் இருந்தன, இயக்கவும் தட்டச்சுச் செய்யவும் ஆள் போதவில்லை. மேலதிகாரிகளிடம் முறையிட்டுப் பயனில்லை. டூரிங்கும் தோழர் மூவரும் எல்லா ஒழுங்குமுறைகளையும் தாண்டித் தலைமை அமைச்சர் சர்ச்சிலுக்கே நேராக ஒரு மடல் எழுதினர். ஒருவர் அதைக் கையோடு இலண்டனுக்குக் கொண்டு சென்று சேர்ப்பித்தார். அன்றைய அதிகார உலகில் அது எத்தகைய துணிவு! சர்ச்சில் சினக்கவில்லை. கேட்டதை உடனே கொடுக்க ஆணையிட்டார். குறையைக் கண்டவன் வாய்மூடி இருத்தலாகாது என்ற பண்பும் காவலின் ஒரு பகுதிதான். அதை எந்தப் பொறியிலும் வைத்துத் தைக்க முடியாது.

ஆளை விட்டுவிட்டு அவர் செயல்களை மட்டும் சொல்வது முறையாகாது. மகரந்தத் தும்மல் வராமலிருக்க நச்சுவாயு முகமூடி அணிந்து மிதிவண்டியில் செல்வார். தேநீர்க் கோப்பையை யாரும் எடுத்துவிடாதபடி வெப்பக் குழாயோடு சங்கிலியிட்டுப் பூட்டி வைத்திருந்தார். நாடு வீழ்ந்துவிடின் வங்கிப் பணம் பயன்படாது என்றெண்ணி 1940-இல் வெள்ளிக் கட்டிகள் இரண்டை வாங்கிப் பிளெட்சிலி அருகில் ஷென்லியில் புதைத்தார். போருக்குப் பின் தோண்டச் சென்றபோது இடத்தின் அடையாளங்கள் மாறிவிட்டிருந்தன. உலோகம் காட்டும் கருவியோடு பன்முறை முயன்றார், கிடைக்கவில்லை. ஐரோப்பாவின் மிகப் பெரிய பூட்டைத் திறந்தவர், தாம் வைத்த பூட்டைத் திறக்க முடியாமல் திரும்பினார்! உரியவனுக்கும் கிட்டாதபடி மறைப்பது காவலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1942 நவம்பரில் அமெரிக்கா சென்று, 1943-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் குரலை மறைக்கும் பெரும்பொறியை ஆராய்ந்தார். அது ஒரு பெரிய அறை நிறையும் எந்திரம். திரும்பிவந்து, ஹான்ஸ்லோப் பார்க்கில் டொனால்ட் பேய்லி என்ற இளம் பொறியாளரின் துணையுடன், மேசைமேல் வைக்கத்தக்க சிறு கருவியாக அதே வேலையைச் செய்யும் ஒன்றைத் தம் கையாலேயே கம்பி இணைத்துச் செய்தார். 'டிலைலா' என்று பெயர். சர்ச்சிலின் பேச்சுப் பதிவொன்றை அதன் வழியே அனுப்பி இரைச்சலாக்கி, மறுபுறம் பேச்சாகவே மீட்டுக் காட்டினர். போர் முடிந்துவிட்டதால் அது பயனுக்கு வரவில்லை.

1945 அக்டோபரில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து 'ஏஸ்' என்னும் கணிப்பொறியின் முழுத் திட்டத்தை வரைந்தார். 1947 பிப்ரவரி 20-ஆம் நாள் இலண்டன் கணிதக் கழகத்தில் அதுபற்றி ஆற்றிய உரை நம் பொருளுக்கு நேரானது. அக்காலத்தில் உலகம் முழுவதிலும் நிரல் எழுதத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்போதே டூரிங் ஒன்றைக் கண்டார். பொறிக்கு ஆணை எழுதுவோர் ஓர் எசமான் வகுப்பாக உருவாவர். அவர்கள் வேலையையும் பொறியே செய்யத் தொடங்கும் காலம் வரும். அப்போது அவர்கள் தம் தொழிலை மருமத்தால் மூடி, பிறர்க்கு விளங்காத சொற்களால் தடை சொல்லக்கூடும் என்று எச்சரித்தார். கண்டறிந்து சொல்ல வேண்டியதை மறைத்து வைப்பதில் தொழிலாளிக்கே நலன் உண்டாகிவிட்டால், பொறியின் நிலை என்னாவது? நம் ஊர்களில் வைத்தியர் சிலர் மூலிகைப் பெயரை மகனுக்கும் சொல்லாமல் இறந்தது போலத்தான். ஒரே ஒருவருக்கு மட்டும் விளங்கும் நிரலை நம்பி நடக்கும் அலுவலகங்களைப் பணிக்குச் சென்ற நம் மூத்த மாணவர்கள் கதை கதையாகச் சொல்வர்.

அதற்கு மாற்று என்ன? 1949 ஜூன் 24-ஆம் நாள், தம் முப்பத்தேழாம் பிறந்த நாளுக்கு மறுநாள், கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் அவர் படித்த கட்டுரை அதைக் கூறுகிறது. பெரிய நிரல் ஒன்று சரிதானா என்று சோதிப்பது எப்படி என்பதே பொருள். நீண்ட கூட்டல் கணக்கொன்றை எடுத்துக்கொண்டார். விடையை மட்டும் தந்தால், சோதிப்பவர் முழுக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் மிஞ்சி அடுத்த வரிசைக்குப் போகும் எண்ணை எழுதி வைத்தால், வரிசை வரிசையாகத் தனித்தனியே பார்த்துவிடலாம். நிரலும் அப்படியே. எழுதுகிறவன் இடையிடையே இவ்விடத்தில் இந்த எண் இவ்வளவாக இருக்க வேண்டும் என்று உறுதிமொழிகளை எழுதி வைக்கட்டும். அவை ஒவ்வொன்றும் மெய் என்று தெரிந்தால் முழுதும் மெய் என்பது தானே வரும். நிரல் ஒருநாள் நின்றே தீரும் என்பதையும், ஒவ்வோர் அடியிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் காட்டி நிறுவ வேண்டும் என்றார். பெருக்கல் இல்லாத பொறியில் கூட்டலாலேயே தொடர்பெருக்கம் காணும் நிரலை எடுத்துச் செய்தும் காட்டினார்.

எழுதியவனை நம்புங்கள் என்று கேட்பதும், என்னைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று வழிவிடுவதும் வேறு வேறு மனங்கள். திருமலையில் உண்டியல் காணிக்கையை எண்ணும் பரகாமணியில் பை வைத்த உடையோடு யாரும் அமரக்கூடாது என்பது விதி. எண்ணுகிறவர் திருடர் என்பதனால் அன்று. யாராயினும் ஐயத்திற்கு இடமில்லாமல் அமர வேண்டும் என்பதனால். அவ்வளவு கட்டிலும் தவறு நேர்ந்ததுண்டு. ஆயினும் நேர்ந்ததைக் கண்டுபிடிக்க அந்த விதிதான் கைகொடுக்கிறது. டூரிங் கேட்டதும் நிரலுக்கு அத்தகைய பையில்லாத உடையே.

அந்தக் கட்டுரைக்கு நேர்ந்த கதி வேறு. அச்சில் பிழைகள் மலிந்து வந்தன, யாரும் கவனிக்கவில்லை. 1967-இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969-இல் டோனி ஹோரும் இதே கருத்தைத் தாமாகக் கண்டு துறையாக்கினர். 1984-இல்தான் டூரிங்கின் கட்டுரையைத் தேடி எடுத்துப் பிழை திருத்தி வெளியிட்டனர். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இணையத்தையே உலுக்கியது. எதிரிலிருப்பவன் தான் அனுப்பிய செய்தியின் நீளம் இவ்வளவு என்று சொன்னால், அது மெய்தானா என்று பாராமல் அவ்வளவையும் நினைவகத்திலிருந்து எடுத்துத் தந்துவிடும் நிரல் அது. நீளம் மெய்யா என்று கேட்கும் ஒரே வரி இல்லாமற் போயிற்று. அந்த நிரலை யாரும் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. உலகமே சார்ந்திருந்த அதனைக் காக்க, சிலரே, பெரும்பாலும் ஊதியமின்றி, உழைத்து வந்தனர். அந்த வேலையை யாரும் பெரிதென மதிக்கவில்லை. சரிபார்ப்பவனுக்குச் சம்பளம் கொடுப்பது வீண் என்று நினைக்கும் எந்த நிறுவனமும் அந்த ஒரு வரியை இழக்கும்.

டூரிங்கும் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. அதே கேம்பிரிட்ஜ் உரையில், சோதிப்பவர்க்கு எளிதாக இருக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டே, கரும்பலகையில் எண்களை வலமிடமாக மாற்றி எழுதிக்கொண்டு போனார்! தம் பொறியின் வழக்கம் அப்படி இருந்ததால் அவருக்கு அது இயல்பாகப்பட்டது; கேட்டவர்கள் திகைத்தனர். 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்ற பின் அவர் எழுதிய நிரல் கையேடும் அவ்வாறே. முப்பத்திரண்டை அடியாகக் கொண்ட எண்முறையை எழுத்துக் குறிகளால் எழுத வேண்டும், சுழியத்திற்குச் சாய்கோடு. தாள் முழுவதும் சாரல் அடித்தது போல் சாய்கோடுகள். தமக்கு எளிதாயிருந்தது பிறர்க்கும் எளிது என்று எண்ணிவிட்டார். கருத்தளவில் பயன்படுத்துவோரை நினைத்தவர், கைவேலையில் மறந்துவிட்டார். மனிதனுக்கு இது நேரும். நமக்கு நாள்தோறும் நேர்கிறது. அந்தப் பொறியில் தற்செயல் எண்ணைத் தரும் உறுப்பு ஒன்று வேண்டும் என்று வற்புறுத்திச் சேர்க்கச் செய்தவரும் அவரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொறி சிந்திக்குமா என்ற 1950-ஆம் ஆண்டுக் கட்டுரை, 1951-இல் ராயல் கழக உறுப்பினர் தகுதி, உயிர்களின் உடலில் கோடும் புள்ளியும் தோன்றும் விதம் பற்றிய 1952-ஆம் ஆண்டு ஆய்வு ஆகியவற்றை விரிக்க இங்கு இடமில்லை.

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. டூரிங் தாமே காவல் நிலையம் சென்று முறையிட்டார். விசாரணையில் அவர் ஓர் ஆடவரோடு கொண்டிருந்த உறவு வெளிவந்தது. அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி அது குற்றம். அவர் மறைக்கவில்லை, மறுக்கவுமில்லை. உண்மையை எழுதியே கொடுத்தார். மார்ச் 31-ஆம் நாள் தண்டனை. சிறைக்கு மாற்றாக ஓராண்டுக் காலம் பெண்மைச் சுரப்பு மருந்து ஊசியை ஏற்குமாறு செய்தனர். அத்தோடு அரசின் மறைமொழிப் பணிக்கு அவருக்கிருந்த அனுமதியும் பறிக்கப்பட்டது. போரில் நாட்டைக் காத்த மறைபொருள்களைப் பல்லாண்டு தம் நெஞ்சில் வைத்து ஒருவரிடமும், பெற்ற தாயிடமும், சொல்லாதவரை நம்பத் தகாதவர் என்று அரசு தள்ளியது. ஒருவர் என்ன செய்தார் என்று பாராமல் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக் காவல் வகுத்த அதிகாரிகள், தம் வெறுப்பையே பாதுகாப்பு என்று பெயரிட்டுக்கொண்டனர். ஆங்கிலேயர் 1860-இல் நம் நாட்டிற்கு எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டத்திலும் இதற்கிணையான விதி இருந்தது. வயது வந்தோர் மனமொப்பிய உறவை அதிலிருந்து 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

1954 ஜூன் 7-ஆம் நாள் டூரிங் சயனைடு நஞ்சால் இறந்தார். அகவை நாற்பத்தொன்று. படுக்கையருகே பாதி கடித்த ஆப்பிள் கிடந்தது. தற்கொலை என்று விசாரணை முடிவு செய்தது. வீட்டில் வேதியியல் சோதனைகள் செய்யும்போது கவனக்குறைவால் நேர்ந்ததென்று அன்னை இறுதிவரை நம்பினார். அதே 1954-இல்தான் திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அதன் மாணவர்களும், 2015-இல் திருப்பதிக்கு வந்த ஐ.ஐ.டி.யின் மாணவர்களும், சித்தூர்க் கல்லூரிகளின் மாணவர்களும் ஆண்டுதோறும் பெங்களூருக்கும் சென்னைக்கும் நிரல் எழுதச் செல்கிறார்கள்.

பிரிட்டிஷ் அரசு 2009-இல் மன்னிப்புக் கேட்டது. 2013 டிசம்பரில் அரசியின் மன்னிப்பாணை வந்தது. 2021-இல் ஐம்பது பவுன் தாளில் அவர் படம் ஏறியது. மறைமொழிக்கு நிகழ்தகவைப் பயன்படுத்துவது பற்றி அவர் போர்க்காலத்தில் எழுதிய இரு கட்டுரைகளை 2012-இல்தான் பொதுமக்கள் காண விட்டனர்.

போத்தனூரில் பிறந்த அந்த அன்னை 1959-இல் தம் மகனின் வரலாற்றை ஒரு நூலாக எழுதினார். பள்ளிக் கடிதங்கள், பரிசுகள், மிதிவண்டிப் பயணம், ஓட்டப் பந்தயங்கள் எல்லாம் அதில் உண்டு. போர்க்கால ஆறு ஆண்டுகளுக்கு வந்தபோது அவர் அறிந்தது மகன் அயலுறவுத் துறையில் ஏதோ பணியாற்றினான் என்பது மட்டுமே. பிளெட்சிலி பார்க்கின் செய்தி 1974-இல் வெளியானபோது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டு. 1976 மார்ச்சில் அவர் காலமானார்.